வன்னியில் குடும்பச் சைக்கிளும் துடுப்புப் படகும்: பருவத்துக்குப் பருவம் பராமரிப்பு

வன்னியில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பள்ளிக்கூடம், வயல், சந்தை, கோயில் எல்லாவற்றுக்கும் அதில்தான் போய்வருகிறோம். கொஞ்சக் காலமாக இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சைக்கிளில் குளக்கட்டுப் பக்கம் போவது, கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகோ சிறு தோணியோ இறக்கித் துடுப்புப் போடுவது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் காற்றடிக்கும் கயாக் ஒன்றைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சாமானோடு வரும் பராமரிப்புக் கையேடு பனி கொட்டும் நாட்டுக்கு எழுதியது. நமக்கு உள்ள தொல்லைகள் உப்பு, களிமண், வெயில், முள், எலி.

நான் பார்த்த வரையில், இங்கே சாமான் ஓடும்போது கெடுவதைவிட, ஓடி முடித்து வைத்த இடத்தில் கெடுவதுதான் அதிகம். ஈரத்தோடு மூடிக் கட்டிய சைக்கிள், வெயிலில் கிடந்த உயிர்காப்பு அங்கி, களப்புத் (கடலோர உப்பேரி) தண்ணீர் காயமுன் சுருட்டிய கயாக், இவைதான் கடைசியில் குப்பைக்குப் போகின்றன. அதனால் கீழே சொல்வதில் பாதி, எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது என்பதைப் பற்றியதாகவே இருக்கும். புதிதாகத் தொடங்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வாங்கும்போது

சைக்கிளைத் தெரிவுசெய்யும்போது அழகைப் பார்க்காமல் ரயர் அளவைப் பாருங்கள். 26, 28 அங்குல ரயரும் ரியூபும் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, மாங்குளம் என்று எங்கும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு 16, 20 அங்குலம். வெளிநாட்டிலிருந்து வந்த சைக்கிள் என்றால் அதன் வால்வைப் பாருங்கள். மெல்லிய, தலையில் சிறு திருகு வைத்த வால்வாக இருந்தால் ஊர்க் கடைப் பம் அதற்குப் பொருந்தாது. சின்னதொரு பித்தளை அடப்டர் இருக்கிறது, அதைக் கூடவே அனுப்பச் சொல்லுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிறேக் வைத்த சைக்கிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழுதானால் ஊரில் திருத்துவது கடினம். கேபிளில் இழுக்கும் சாதாரண பிறேக் போதும்.

உயிர்காப்பு அங்கியில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் துணியில் அங்கியின் மிதப்பு பலம் நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவர், கரையோரமாக, அமைதியான தண்ணீரில் பாவிப்பதற்கு உரியது. நீந்தத் தெரியாதவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100 நியூட்டனும், தலையைத் தூக்கிப் பிடிக்கும் கழுத்துப் பட்டியும், கால்களுக்கு இடையால் வரும் வாரும் உள்ள அங்கி வேண்டும். பிள்ளையின் வயதைப் பார்த்து வாங்காதீர்கள், நிறையைப் பார்த்து வாங்குங்கள். அங்கியை மாட்டி எல்லா வாரையும் இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியைத் தாண்டிக் காது வரை ஏறினால் பெரிது. "அடுத்த வருசமும் போடலாம்" என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

தை முதல் பங்குனி வரை

வருடத்தில் நல்ல காலம் இதுதான். மாரி ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். வாடைக்காற்று மாசிக்குப் பிறகு தணியத் தொடங்கும். விடியப்புறம் பனி இருந்தாலும் ஏழு மணிக்குப் பிறகு சுகமான வெயில். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று எந்தக் குளக்கட்டில் சைக்கிளோடு நின்றாலும் பிள்ளைகளுக்குப் பறவைகள் காட்டலாம். பருவத்தைத் தொடங்குமுன் ஒரு முழுச் சோதனை வேண்டும்.

முதலில் செயின். பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று போதும். செயினில் ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். செயின் எல்லாமே அரை அங்குலக் கணக்கில் செய்தவை. எனவே அடுத்த ஊசியை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால், இருபத்து நான்காவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பல்லுச் சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கும். ஒரே பல்லுச் சில்லு உள்ள சைக்கிளில் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தால் சரி. அதைவிடத் தொய்வு என்றால் பின் சில்லைத் தளர்த்தி இழுத்துப் பூட்ட வேண்டும்.

அடுத்தது பிறேக் கட்டை. ரிம்மில் படும் பக்கத்தில் கோடுகள் தெரிய வேண்டும். கட்டைக்குள் மின்னுகிற உலோகத் துணிக்கை ஏறியிருந்தால் ஊசியால் கிண்டி எடுங்கள், அது ரிம்மைச் சுரண்டும். பிள்ளையின் சைக்கிளில் இன்னொன்றும் பாருங்கள்: பிறேக் பிடிக்கு விரல் எட்டுகிறதா? எட்டாவிட்டால் பிடிக்குள் இருக்கும் சிறு திருகை உள்ளே முடுக்க, பிடி ஹாண்டிலுக்குக் கிட்டே வரும். பிள்ளைகள் மாரிக்குள்ளே வளர்ந்துவிடுவார்கள். சீற் உயரத்தையும் இப்போதே திருத்துங்கள். பழகும் பிள்ளைக்கு இரண்டு பாதமும் நிலத்தில் பட வேண்டும், ஓடப் பழகிய பிள்ளைக்கு விரல் நுனி பட்டால் போதும்.

பெடல் கழற்ற வேண்டி வந்தால் நினைவு வையுங்கள்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியது. அது தெரியாமல் பலத்தைப் பாவித்து மரையை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

கரியரில் பிள்ளையை வைத்து ஓடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் கால் பின் சில்லுக்குள் போவது அடிக்கடி நடக்கிற விபத்து. வெறுங்காலோடு இருந்தால் குதிக்காலின் தோலையே உரித்துவிடும், எலும்பும் முறியலாம். ஸ்போக்ஸ் கம்பியை மறைக்கிற தடுப்பு ஒன்றை இரண்டு பக்கமும் பூட்டுங்கள். சேலைத் தடுப்பு ஒரு பக்கத்துக்கு மட்டுமே வரும், மற்றப் பக்கமும் வேண்டும். கால் வைக்க மிதி, பிடிக்கப் பிடி, காலுக்குச் சப்பாத்து. கண் அயரும் சின்னப் பிள்ளைக்கு வார் வைத்த ஆசனம் கட்டாயம். குறுக்குப் பாரில் துவாயைச் சுற்றி இருத்திக்கொண்டு போவதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். எங்கள் வீதிகளில் இப்போது ஓடும் வாகனங்களின் வேகம் அந்தக் காலத்து வேகம் கிடையாது.

தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக இருக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றிக்குக் காவல் இல்லை. ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

இது அறுவடைக் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. வீதி ஓரமெல்லாம் நெல் காயும், உழவு இயந்திரங்களும் அறுவடை மெசின்களும் அவசரமாக ஓடும். பரப்பிய நெல்லில் சைக்கிள் வழுக்கும், காயப்போட்டவருக்கும் கவலை. இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். வயல் வரம்பால் போய் வந்தால் பின் சில்லின் அச்சில் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்து, கிறீஸை உறிஞ்சி எடுத்துவிடும்.

படகுப் பக்கம்: காற்றடிக்கும் கயாக்கை முற்றத்தில் ஊதி, சவர்க்காரத் தண்ணீரைத் தையல் வழியாகவும் வால்வைச் சுற்றியும் தடவுங்கள். நுரை கொப்பளிக்கும் இடம்தான் ஒழுகும் இடம். பிறகு ஒரு முழு இரவு நிழலில் விட்டுக் காலையில் அமுக்கிப் பாருங்கள். மரத் துடுப்பை உப்புத்தாளால் மெதுவாக உரசி, ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

இறங்குமுன் ஊர்க்காரரைக் கேளுங்கள். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை, மீன்பிடிச் சங்கங்களும் தொழில் செய்கின்றன. எங்கே வலை கிடக்கிறது, எங்கே பட்ட மரக்குற்றி தண்ணீருக்குள் நிற்கிறது, முதலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் தோணிக்கார ஐயாமாருக்குத்தான் தெரியும். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேட்காமல் இறங்க முடியாது. குளமோ களப்போ, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு) பக்கமும் வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்) பக்கமும் எந்தக் காலத்திலும் போகாதீர்கள். மேலே அசைவே தெரியாது, அடியில் இழுவை இருக்கும்.

சித்திரை

பின்னேரத்தில் இடியும் மின்னலுமாக மழை வரும் மாதம். காலையில் போய்ப் பத்து மணிக்குள் கரையேறுங்கள். இடிச்சத்தம் கேட்டால் தண்ணீரிலும் நிற்க வேண்டாம், குளக்கட்டிலும் நிற்க வேண்டாம், தனி மரத்துக்குக் கீழும் வேண்டாம். வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள்.

சோளகம்: வைகாசி முதல் ஆவணி வரை

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் சைக்கிளுக்குச் செம்புழுதி, படகுக்குக் காற்று, இரண்டுக்கும் வெயில்.

கிறவல் (செம்மண் சரளை) வீதியில் ஓடும் சைக்கிளுக்கு ஒயில் கூடினால் ஆபத்து. புழுதி ஒயிலோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். செயினைப் பழைய சாரத் துண்டால் நன்றாகத் துடைத்து, கறுப்பு வருவது குறைந்த பிறகு, உருளைக்கு ஒரு துளி வீதம் மெல்லிய ஒயில் விட்டு, பெடலைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். ஒயில் வேலை செய்வது உள்ளேதான். இந்தக் காலத்துக்குத் தையல் மெசின் ஒயிலே போதும். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், புழுதியைப் பிடித்துக் களியாகும். வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஒயிலும் வேண்டாம், அதற்குள் இரும்புத் துணிக்கை இருக்கிறது.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கோடையில் பஞ்சருக்கு அதுவே முதற்காரணம். மழைக்கு முளைத்த நெருஞ்சி காய்ந்து, முட்காய்கள் ஒற்றையடிப் பாதை முழுக்கக் கொட்டிக் கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும். வேலி வெட்டிப் போட்ட இடத்தில் உடைமுள், காட்டோரம் காரைமுள், சூரைமுள். ரயரில் முள் ஏறியது தெரிந்தால் உடனே பிடுங்காதீர்கள். காற்று இறங்காமல் இருந்தால் அப்படியே வீடு வரை ஓடலாம், பிடுங்கினால் அந்த இடத்திலேயே காற்றுப் போய்விடும்.

ஒட்டுப் போடுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. பத்து வயதுப் பிள்ளைக்கும் பழக்கலாம், பழக்க வேண்டும். ரயரின் ஓரத்தை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் சுற்றிவரத் தள்ளினால் பாதி தளர்ந்துவிடும். பிறகு பிளாஸ்டிக் நெம்பியால் எடுங்கள். கரண்டிக் காம்பால் கிண்டினால் ரியூபில் இரண்டாவது ஓட்டை விழும். ரியூபை ஊதித் தண்ணீர் வாளிக்குள் சிறிது சிறிதாக அமுக்கிப் பாருங்கள், குமிழி வரும் இடத்தில் பேனையால் அடையாளம் போடுங்கள். ஒன்றைக் கண்டதும் நிறுத்தாமல் முழு ரியூபையும் பாருங்கள், நெருஞ்சி தனியாகக் குத்துவது குறைவு. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் உரசுங்கள். ஒட்டுத் துண்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாகச் சொலுசனை மெல்லியதாகப் பூசுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். பளபளப்பு மங்கி, விரல் பட்டால் ஒட்டாமல் வரும் வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகு ஒட்டுத் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்குங்கள். ஈரச் சொலுசனில் வைத்த ஒட்டு அடுத்த வெயிலுக்குக் கழன்றுவிடும்.

ரியூபைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கம் முழுவதையும் பஞ்சுத் துணி ஒன்றால் தடவுங்கள். முள் நுனி இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும், உங்கள் விரல் தப்பும். இதைச் செய்யாமல் பூட்டினால் அதே முள் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

வெயிலில் நிறுத்திய சைக்கிளின் ரயர் வெடிக்கும் என்ற பயம் பலருக்கு. கணக்குப் பார்த்தால், 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றடித்த ரயர் நன்றாகச் சூடேறினாலும் ஐந்தாறு பிஎஸ்ஐதான் கூடும். நல்ல ரயர் அதைத் தாங்கும். வெடிப்பது, பக்கச் சுவரில் கீறல் விழுந்த பழைய ரயரும் ஒட்டு இளகிய ரியூபும்தான். ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் அடித்தால் போதும். ஆனால் காற்றடிக்கும் கயாக்கின் கதை வேறு. அதற்குள் இருப்பது 3 பிஎஸ்ஐ போலக் குறைந்த அழுத்தம். காலைக் குளிரில் 3 அடித்து, மத்தியானம் கரையில் வெயிலில் விட்டால் உள்ளே 4½ வரை ஏறிவிடும், அதாவது பாதிக்குப் பாதி கூடுதல். தையல் பிரிவது அப்போதுதான். கரைக்கு இழுத்தவுடன் ஒவ்வொரு அறையிலும் கொஞ்சக் காற்றை இறக்கிவிட்டு நிழலுக்குக் கொண்டுபோங்கள்.

இனிக் காற்று. இதை ஒவ்வொரு பெற்றோரும் கவனமாக வாசிக்க வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அந்த மாதங்களில் கடல் கரையோரம் அமைதியாகக் கிடப்பதைப் பார்த்து ஆசை வரும். காற்றடித்த கயாக், மிதவை, பந்து எதை இறக்கினாலும் காற்று அதை வெளிக்கடலுக்குத் தள்ளும். திரும்பித் துடுப்புப் போட ஒரு பெரியவரின் பலமே போதாமல் போகும். ஆகவே சோளக காலத்தில் முல்லைத்தீவுக் கடலில் குடும்பக் கயாக் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. பூநகரி, மன்னார்ப் பக்கத்தில் அதே காற்று கரையை நோக்கி வந்து அலையெழுப்பும். இரணைமடுவில் காற்று வடக்கே உள்ள குளக்கட்டுப் பக்கம் தள்ளும், அலைகரைக் கல்லில் மோதினால் கயாக்கும் கிழியும் காலும் கிழியும்.

சிறு குளங்களிலும் ஒதுங்கிய களப்போரத்திலும் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை துடுப்புப் போடலாம். எப்போதும் காற்றுக்கு எதிராகத் தொடங்குங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று உதவிக்கு வரும். களப்புக்குள் இறங்கி நடந்தால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் நிலத்தில் தேய்த்து நடவுங்கள், மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிப் போகும். ஆடி, ஆவணியில் குளம் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது முதலைகளும் அங்கேதான் கூடும். அந்தக் காலத்தில் குளத்தை விட்டுவிடுங்கள்.

வற்றிய காலத்தில் யானைகளும் தண்ணீர் தேடி நடமாடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கக் காட்டு வீதிகளில் பொழுதுபடுமுன் வீட்டில் இருக்குமாறு பயணத்தை வையுங்கள். எந்தக் காலத்திலும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில், அதிலும் மண்டையோட்டுப் படம் போட்ட பலகைக்கு அப்பால், குறுக்குப் பாதை என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர் நாளாந்தம் நடக்கும் பாதையிலேயே ஓடுங்கள். தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடாமல் பொலிஸ் இலக்கம் 119க்கு அறிவிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உப்புக் காற்றுப் பக்கம் போய் வந்தால், ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாலம், வட்டுவாகல் எதுவானாலும், அன்றைக்கே கழுவுங்கள். கடலோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீரே உவர், அதனால் கழுவினால் பயன் இல்லை. உள்ளூர்க் கல்நீரும் (சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீர்) காய்ந்தால் வெள்ளைப் படையாகும். எனவே நல்ல தண்ணீர் ஒரு வாளி, பிறகு துணியால் துடைப்பு. அமுக்கிப் பீச்சும் குழாய் அச்சுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும், வேண்டாம். உயிர்காப்பு அங்கியையும் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் அதன் துணியை உளுத்துப்போகச் செய்யும். நிறம் வெளிறி, நகத்தால் சுரண்ட நூல் தூளாக வந்தால் அந்த அங்கியின் காலம் முடிந்தது. அங்கியைக் குந்தும் பலகையாகப் பாவிக்கவும் விடாதீர்கள், நுரை நசுங்கினால் மிதப்புக் குறையும்.

புரட்டாசி: மழைக்கு முன்

வயல் விதைப்புக்கு ஊரே தயாராகும் நேரம், சைக்கிளுக்கும் அதுதான் நேரம். வருடத்தில் ஒரு தடவை கழுவிப் பூட்டுவது என்றால் இப்போது செய்யுங்கள். சில்லு அச்சு, ஹாண்டில் கோப்பை, பெடல் அச்சு மூன்றிலும் பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் நிறையப் போட வேண்டும். மண்ணெண்ணெய் ரயரில் படாமல் பாருங்கள், இறப்பர் ஊறிக் கெடும். தேய்ந்த பிறேக் கட்டையை இப்போதே மாற்றுங்கள், நனைந்த ரிம்மில் பிறேக் பிடிக்கத் தூரம் கூடும். செயினுக்கு இனித் தடித்த ஒயில். மட்காட்டின் பின் நுனியில் இறப்பர்த் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் பின்னால் வரும் பிள்ளையின் முகத்தில் சேறு அடிக்காது. பின்னுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஒளிதெறிக்கும் பட்டியும் மழை இருட்டில் ஏ9 வீதியில் ஓடுபவருக்கு உயிர்க்காவல்.

கயாக்கை ஐப்பசிக்கு முன் எடுத்து வைத்துவிடலாம். கழுவி, ஒரு முழு நாள் நிழலில் காயவிட்டு, மடிப்புக்குள் கைவிட்டு ஈரம் பார்த்து, தளர்வாகச் சுருட்டுங்கள். போன முறை மடித்த அதே கோட்டில் மடிக்க வேண்டாம். வைக்கும் இடம் நிலமட்டத்துக்கு மேல், எலி ஏறாத இடம். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய் நல்லது. உள்ளே வேப்பிலை போட்டாலும் எலிக்கு அது தடை கிடையாது, மூடிதான் தடை. கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் என்றால் கொட்டிலுக்குள் கவிழ்த்து, அல்லது பக்கவாட்டில், அகலமான நாடா இரண்டில் தூக்கி வையுங்கள். மெல்லிய கயிற்றில் இறுக்கித் தொங்கவிட்டால் கயிறு பட்ட இடம் பள்ளமாகும். தென்னைக்குக் கீழே வைக்காதீர்கள். துடுப்பின் குழாய்க்கும் தண்ணீர் வடியும் ஓட்டைக்கும் துணி அடையுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும்.

மாரி

சைக்கிள் மாரியிலும் ஓடத்தான் வேண்டும், பள்ளிக்கூடம் இருக்கிறதே. மழையில் ஓடி வந்த அன்று முழுச் சுத்தம் செய்ய யாருக்கும் நேரம் கிடைக்காது. மூன்று வேலை மட்டும் செய்யுங்கள்: மட்காட்டுக்குள் அடைந்த களியைக் குச்சியால் தள்ளுங்கள், செயினைத் துணியால் துடைத்து ஒயில் விடுங்கள், காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள். தறப்பாளால் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் வியர்த்து, திறந்தவெளியில் நின்றதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது சைக்கிளோடு இறங்காதீர்கள். முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் பெரியவரையே விழுத்தும். வான் பாய்கிறது என்றால் பார்க்கப் போகலாம், எட்ட நின்று. களப்பின் முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டித் திறந்துவிட்ட நாட்களில் அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போகவே வேண்டாம். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வன்னியையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. கார்த்திகையும் மார்கழியும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று நமக்குத் தெரியும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990, இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். வெள்ளம் வந்தால் குடும்பக் கயாக்கை மீட்பு வேலைக்கு இறக்காதீர்கள். முள்வேலிக் கம்பியும் அடித்து வரும் மரமும் அதை நொடியில் கிழிக்கும். உயிர்காப்பு அங்கிகளை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு

சைக்கிள் தண்ணீருக்குள் நின்றதென்றால் ஒரே கேள்விதான்: தண்ணீர் சில்லு அச்சுக்கு மேலே ஏறியதா? ஏறாவிட்டால் கழுவித் துடைத்து ஒயில் விட்டால் போதும். ஏறியிருந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடை அண்ணை ஒரு முறை மகளின் சைக்கிள் அச்சைக் கழற்றி விரலால் வழித்துக் காட்டினார். "தங்கச்சி, இஞ்ச பாருங்கோ, கிறீஸ் பால் மாதிரி வெள்ளையா வந்திட்டுது. தண்ணி உள்ளுக்க போயிட்டுது. இதோட ரெண்டு மாசம் ஓடினால் குண்டும் கோப்பையும் சேர்த்து மாத்த வேணும்." நல்ல கிறீஸ் கண்ணாடிபோலத் தெளிவாகவோ அதன் சொந்த நிறத்திலோ இருக்கும். வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாலும் தெரியும், கரகர என்ற நடுக்கம் கைக்கு வரும். சீற் கம்பியைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகப் பிடியுங்கள், உட்குழாயில் நின்ற தண்ணீர் அவ்வளவும் வடியும். திரும்பப் போடும்போது கம்பியில் கிறீஸ் பூசுங்கள், அடுத்த வருடம் உயரம் மாற்ற வரும்போது இறுகியிருக்காது.

கவிழ்த்து வைத்த கயாக்கையோ தோணியையோ வெறுங்கையால் நிமிர்த்தாதீர்கள். மாரியில் பாம்பும் தேளும் ஒதுங்குவது இப்படியான இடங்களில்தான். தடியால் தட்டி, எட்ட நின்று, உங்களுக்கு எதிர்ப்பக்கம் திறக்குமாறு தூக்குங்கள். அங்கியில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மென்மையான சவர்க்காரமும் பிரஷும் போதும், குளோரின் துணியைத் தின்றுவிடும்.

வெள்ளத் தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கழுவும் வேலைக்குப் பூட்சும் கையுறையும் போடுங்கள், காலில் காயம் உள்ளவர் தள்ளி நிற்கட்டும். இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், தசை நோ, கண் சிவத்தல் வந்தால் வீட்டு மருந்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்துக்குள் நின்றதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கழுவிப் பூட்டவோ செயின் மாற்றவோ கடைக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் மார்கழி விடுமுறைக்குள்ளேயே கொடுங்கள். தையில் பள்ளிக்கூடம் தொடங்கும் கிழமை எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் சைக்கிளைக் கொண்டுவருவார்கள், பிள்ளையின் சைக்கிள் பல நாள் வரிசையில் நிற்கும். கொடுக்கும்போது என்ன வேலை என்று துண்டில் எழுதி ஹாண்டிலில் கட்டிவிடுங்கள், ரயர் அளவையும் சேர்த்து.